பேக்கர் சுவரும் நம் லயத்துச் சுவரும்

பேராசிரியர்களும் பொறியாளர்களும் எழுதும் இம்மலரில் கட்டடக் கலையைப் பற்றி எழுத ஒரு கடைக்காரனுக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயம்தான். நான் பட்டம் பெற்றவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புத் தேடிப் பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைக்கு வந்து, நாற்பது வருஷமாகச் சிமென்ட், கம்பி, பெயின்ட், தரை ஓடு விற்று வருபவன். ஆனால் ஒரு வீடு எழும்பும்போது எந்தப் பொருள் எவ்வளவு போகிறது, அதில் தேவைக்குப் போவது எது, பகட்டுக்குப் போவது எது என்பது கொத்தனாருக்கு அடுத்தபடி கடைக்காரனுக்குத்தான் தெரியும். அந்தத் தகுதி ஒன்றை நம்பியே இதை எழுதுகிறேன்.

கேரளத்தில் வாழும் தமிழர் வீடு கட்ட நினைத்தால் அவர் காதில் விழுகிற முதல் பெயர் லாரி பேக்கர். "பேக்கர் மாதிரி கட்டுங்க, செலவு பாதி" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, அவருடைய கட்டடங்களைப் படத்தில் பார்த்தது போதும், நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். 2023 டிசம்பரில் திருவனந்தபுரம் போனேன். திரும்பி வந்து, எங்கள் சித்தூர் வட்டாரத்தில் "பேக்கர் வீடு" என்று பெயர் வாங்கிய சில வீடுகளைப் பார்த்தேன். 2024 ஏப்ரலில், பேக்கர் முன்பு வாழ்ந்த இடுக்கி மலைப்பக்கம் வாகமணுக்குப் போனேன். இந்த மூன்று பயணத்திலும் கண்டதை ஓர் அளவுகோல் வைத்து நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவுகோல் நம்முடையதுதான். தொல்காப்பியர் அகப்பாட்டின் பொருளை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்தில் விளைவதும் வாழ்வதும் கரு. அங்கே வாழும் மனிதரின் ஒழுக்கமும் உணர்வும் உரி. பாட்டுக்குச் சொன்ன இலக்கணம் வீட்டுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். வீடு நின்ற இடமும் அங்கே பெய்யும் மழையும் முதல். கட்டிய கல்லும் மண்ணும் கரு. உள்ளே வாழ்கிறவர் வாழ்க்கை உரி. இந்த மூன்றும் கூடினால்தான் கட்டடம் தேறும்.

யார் இந்தப் பேக்கர்?

லாரன்ஸ் வில்பிரட் பேக்கர் 1917 மார்ச் 2ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். அங்கேயே கட்டடக் கலை படித்தார். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். ஆடம்பரம் கூடாது, போர் கூடாது என்பது அவர்கள் கொள்கை. மிகுபொருள் விரும்பாமையை விரதமாகக் கொண்ட எங்கள் மரபுக்கு இது அந்நியமில்லை. இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவ உதவிக் குழுவில் பணிசெய்தார். ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னதாகப் பேக்கர் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

1945இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்தார். 1948இல் கேரளத்து மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்தார். இருவரும் இமயமலை அடிவாரத்துப் பித்தோராகரில் ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் மருத்துவமனை நடத்தினார்கள். மலைவாசிகள் கல்லையும் மரத்தையும் மண்ணையும் கையாண்ட விதத்தைப் பார்த்துத்தான், தாம் படித்த படிப்பைவிட அது பெரிது என்று உணர்ந்ததாகச் சொல்வார். 1963இல் வாகமண் வந்து அங்கும் மருத்துவமனை நடத்தினார்கள். பிறகுதான் திருவனந்தபுரம். முதலமைச்சர் அச்சுத மேனன் காலத்தில், பொருளியல் அறிஞர் கே.என்.ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டும் பொறுப்பு 1970களின் தொடக்கத்தில் பேக்கரிடம் வந்தது. 1985இல் இந்த மூவரோடு டி.ஆர்.சந்திரதத்தும் சேர்ந்து திருச்சூரில் காஸ்ட்போர்டு என்னும் அமைப்பைத் தொடங்கினார்கள். 1990இல் பத்மஸ்ரீ. 2007 ஏப்ரல் 1ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார். நாற்பது வயதைத் தாண்டிக் கேரளத்துக்கு வந்தவர் கேரளத்துக்காரராகவே போய்ச் சேர்ந்தார் என்று சொல்ல வேண்டும்.

மான் கண் காலதர்

உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு அனுமதி கேட்டு உள்ளே போனேன். படத்தில் எல்லோரும் காட்டுவது அந்தத் துளைச் சுவரைத்தான். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, ஜன்னலுக்குப் பதிலாகச் சுவரையே சல்லடையாக்கிய அமைப்பு. வடநாட்டுப் பெயர் ஜாலி. படத்தில் அது பூவேலை. நேரில் நின்றால்தான் அது ஒரு வேலைக்காரன் என்று தெரிகிறது. வெளியே வெயில் காய்ந்தது. உள்ளே மின்விசிறி ஓடாத இடைவழியில் முகத்தில் காற்று பட்டது. வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழுந்ததால் கண் கூசவில்லை. இந்தக் காற்றை எந்தப் படத்தில் பிடிப்பது? நேரில் போக வேண்டியதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

பேக்கர் கண்டுபிடித்த புதுமை இது என்று சிலர் எழுதுகிறார்கள். அவர் அப்படி உரிமை கொண்டாடியவர் அல்லர். நம் பழந்தமிழில் ஜன்னலுக்குக் காலதர் என்று பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பலகணி என்றும் சொல்வோம்; பல கண் உடையது. சேர நாட்டு இளவரசர் என்று போற்றப்படும் இளங்கோவடிகள், சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் புகார் நகரத்து மாளிகைகளில் மானின் கண் போன்ற காலதர்கள் இருந்ததைச் சொல்கிறார். சிறு சிறு துளையாகக் காற்றுக்கு வழிவிட்ட சுவர் என்றே இதை நான் கொள்கிறேன். பெயரையும் பொருளையும் நாம் தொலைத்தோம். பர்மிங்காமிலிருந்து வந்தவர் எடுத்துக் கொடுத்தார்.

இனி கடைக்காரன் கணக்கு. பேக்கர் சுவர் பலவும் எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி அடுக்குவார்கள். நடுவில் வெற்றிடம் விழும். நூறு கல் போகிற சுவருக்கு ஏறத்தாழ எழுபத்தைந்து போதும். கலவையும் குறையும். நடுவில் நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். தளம் போடும்போது, கான்கிரீட் பாரமாக மட்டும் இருந்து பயன்படாத அடிப்பகுதியில் பழைய மங்களூர் ஓட்டை வைத்து இட்டு நிரப்புவார். சிமென்ட் மிச்சம், எடை குறைவு, அதனால் கம்பியும் குறைவு. சுவருக்குப் பூச்சு கிடையாது. பூச்சு இல்லையென்றால் பெயின்ட் இல்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்கும் செலவும் இல்லை. ஜன்னலோ, அதே அளவு சுவரைவிடப் பல மடங்கு விலை பிடிப்பது. அதுவும் குறைகிறது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பேக்கர் வீடு ஒவ்வொன்றும் என் கடைக்கு வராமல் போன வியாபாரம். அப்படியிருந்தும் மெச்சுகிறேன் என்றால், கணக்கு அவ்வளவு சுத்தம். மிச்சமான காசு கொத்தனார் கூலிக்குப் போயிற்று. கம்பெனிக்குப் போகவில்லை.

தம்பானூரில் பேருந்து நிலையத்தை ஒட்டி இருக்கும் இந்தியன் காபி ஹவுஸ் இன்னொரு ருசி. நத்தைக் கூடு போல் சுற்றிச் சுற்றி ஏறும் செங்கல் கட்டடம். மாடி என்று தனியாக எதுவும் இல்லை. சாய்தளத்தில் நடந்துகொண்டே போனால் மேலே போய்விடுவோம். மேசையும் இருக்கையும் சுவரோடு சேர்த்துக் கட்டியவை. அவற்றை யாரும் இழுத்துப் போட முடியாது, திருட முடியாது, உடைக்கவும் முடியாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூலித் தொழிலாளியும் வெளிநாட்டுப் பயணியும் பக்கத்துப் பக்கத்து மேசையில் காபி குடிக்கிறார்கள். மரபுச் சின்னத்துக்குக் கயிறு கட்டிக் காவல் போடாமல், இன்றும் தட்டுக் கழுவிக் காபி ஊற்றிக்கொண்டிருப்பதே அந்தக் கட்டடத்துக்கு நான் கொடுக்கும் பெரிய மதிப்பெண்.

குறையும் உண்டு

விமர்சனம் என்றால் தட்டின் இரு பக்கமும் எடை வைக்க வேண்டும். பூச்சில்லாத செங்கல் சுவர் கேரள மழையில் பாசி பிடிக்கிறது. கல் நன்றாக வேகாமல் இருந்தால் உதிரவும் செய்யும். துளைச் சுவர் வழியாகக் காற்று வருவதுபோல் கொசுவும் வரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து அடிக்கும் அடியில் புழுதியும் வரும். எங்கள் ஊரில் கிழக்குச் சுவரைச் சல்லடையாக விட்டால் சோற்றில் மண் விழும். காபி ஹவுஸின் சாய்தளம் முழங்கால் வலிக்காரர்களுக்குச் சோதனைதான். என் வயதுக்காரர்கள் கீழ்ச்சுற்றிலேயே உட்காருவது உத்தமம்.

எலிப்பொறிக் கட்டும் எல்லாக் கொத்தனாருக்கும் கைவராது. பேக்கர் மேசையில் வரைபடம் போட்டு அனுப்பிவிட்டு இருந்தவர் அல்லர். வேலை நடக்கும் இடத்தில் கொத்தனாரோடு நின்று, கைக்குக் கிடைத்த காகிதத்தில் வரைந்து காட்டிக் கட்டியவர். அப்படி ஒரு மேற்பார்வை இல்லாமல் அதே சுவரைக் கட்டினால் ஒழுகும். ஒழுகிய பிறகு பழி பேக்கர் தலையில் விழும்.

பாணியாகிப்போன பேக்கர்

எங்கள் வட்டாரத்துக்கு வருகிறேன். சித்தூர்ப் பக்கம் என் வாடிக்கையாளர் ஒருவர் "பேக்கர் வீடு" கட்டினார். முதலில் சாதாரணச் சுவர். அதன்மேல் சிமென்ட் பூச்சு. பூச்சின்மேல் செங்கல் போலத் தெரியும் ஓடு. அதன்மேல் பளபளப்புக்கு வார்னிஷ். துளைச் சுவர் ஒன்றும் உண்டு. உள்பக்கம் கண்ணாடி போட்டு அடைத்து ஏ.சி. வைத்திருக்கிறார். சுவர், பூச்சு, ஓடு, வார்னிஷ் என்று நான்கு பொருளுக்கும் பில் போட்டவன் நான்தான். சாதாரண வீட்டைவிடச் செலவு கூடுதல். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் "என்ன எளிமை!" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

இது ஒருவர் செய்கிற கூத்து என்றால் விட்டுவிடலாம். மலைப்பக்கம் தங்கும் விடுதிகள் பலவும் இன்று இந்த வேஷத்தில்தான் நிற்கின்றன. கருப்பொருளில் ஒரு துண்டை, அதாவது செங்கல்லின் நிறத்தை மட்டும், எடுத்துக்கொண்டு முதலையும் உரியையும் விட்டுவிட்டார்கள். செங்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பேக்கர் காலத்தில் திருவனந்தபுரத்தில் மலிவு. இன்று வயல் மண்ணை வெட்டி எடுத்தால் நெல் போகிறது. 2008இல் கேரளத்தில் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. சூளைக்கு விறகும் வேண்டும். தூரத்திலிருந்து லாரியில் கல் இறக்கி "பேக்கர் வீடு" கட்டுவது பேக்கருக்கே எதிரான காரியம். செம்புரைக்கல் கிடைக்கும் ஊரில் செம்புரைக்கல், மண் நல்ல ஊரில் மண் என்பதே அவர் வழி. மண் வீட்டைப் பற்றித் தனிச் சிறுநூலே எழுதியவர் அவர்.

பாலக்காட்டு ஜைனிமேட்டில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயம் இருக்கிறது. மலையாளக் கவி குமாரன் ஆசான் 1907இல் 'வீண பூவு' எழுதியது அந்த இடத்தில் தங்கியிருந்தபோதுதான். ஆலயம் முழுக்கக் கருங்கல், அலங்காரம் அதிகமில்லை. அதைக் கட்டியவர்களுக்குப் பேக்கரைத் தெரியாது. ஆனாலும் அது அவர் கொள்கைக்கு, நான் ஓடு விற்ற வீட்டைவிடப் பக்கத்தில் நிற்கிறது.

வாகமண் வழியில்

பாலக்காட்டிலிருந்து திருச்சூர், மூவாற்றுப்புழை, தொடுபுழை வழியாக மலையேறினால் வாகமண். நான் அங்கே தேடிப்போனது பேக்கர் பார்த்த நிலத்தை. புல்மேடு, பனி, ஊசியிலைக் காடு, கொட்டும் மழைக்குப் பெயர்போன சரிவுகள். இந்தக் குறிஞ்சி நிலத்தில் ஆறேழு ஆண்டு இருந்தவருக்கு, சரிவை வெட்டித் தட்டையாக்காதே, சரிவோடு சேர்ந்து கட்டு என்ற புத்தி வந்ததில் வியப்பில்லை. உள்ளூர் வளாகத்தில் மேடு பள்ளத்தை அப்படியே விட்டு, மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்துக் கொண்டுபோன காரியத்தின் வேர் இப்படிப்பட்ட மலைகளில்தான் இருக்க வேண்டும்.

வாகமணிலிருந்து ஏலப்பாறை நோக்கி இறங்கினால் தேயிலைத் தோட்டம் தொடங்கும். தோட்டம் தொடங்கினால் தமிழும் தொடங்கும். லயம் என்ற சொல்லை நம் இளையதலைமுறை கேட்டிருக்காது. ஒரே கூரையின்கீழ் வரிசையாக ஓர் அறை, ஒரு சமையல் இடம் என்று தடுத்த நீளக் கட்டடம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், நம் தென்மாவட்டத்து மக்களைக் கங்காணிகள் மலையேற்றிக் கொண்டுவந்து அடைத்த இடம். வீடு கொடுப்பது தோட்டக்காரர் பொறுப்பு என்று 1951இல் சட்டம் வந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் பீருமேட்டுப் பக்கம் சில தோட்டங்கள் பூட்டப்பட்டபோது அந்தப் பொறுப்பும் பூட்டோடு போயிற்று. ஆட்கள் மட்டும் போகவில்லை. போக இடம் இல்லை.

அப்படி ஒரு லயத்து வாசலில் தண்ணீர் கேட்டேன். தமிழ் கேட்டதும் அறுபது வயதிருக்கும் அம்மா ஒருவர் பெஞ்சைத் துடைத்துப் போட்டார். கூரைத் தகரத்தின்மேல் நீலத் தார்ப்பாய், அதன்மேல் கல். சுவரில் ஈரம் இடுப்பளவு ஏறியிருந்தது.

"மழைக்கு முன்னாடி புதுப் பாய் வாங்கணும் ஐயா. அதுதான் எங்களுக்கு ஓடு" என்றார்.

"நீங்களே கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக் கட்டக்கூடாதாம்மா?" என்றேன்.

"யாரு இடத்துல யாரு கட்டுறது? ரிட்டையர் ஆனா காலி பண்ணணும். கணக்குப் பணம் வரலே, அதனால உக்காந்திருக்கோம். நாளைக்கு எந்திரின்னா எந்திரிக்கணும். இதுல செங்கல்லு வாங்கி வைக்கச் சொல்றீங்களே!"

என் விமர்சனம் முழுவதையும் அந்த அம்மா இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். வீடு கட்டுமுன் அதில் வாழப் போகிறவரோடு பேசு, அவர் எப்படிச் சமைக்கிறார், எங்கே படுக்கிறார், யாரோடு இருக்கிறார் என்று கேள் என்பது பேக்கரின் முதல் பாடம். அதுதான் உரிப்பொருள். லயத்தில் வாழ்கிறவரிடம் மூன்று, நான்கு தலைமுறையாக யாரும் எதையும் கேட்கவில்லை. காலடி மண் தனதில்லை என்றால் எலிப்பொறிக் கட்டும் துளைச் சுவரும் என்ன செய்யும்?

முதற்பொருளும் அப்படியே. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாறு ராஜமலைப் பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். பலரும் கயத்தாறுப் பக்கத்தை வேராகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தார். அங்கே எந்தச் சுவர் இருந்தாலும் அந்த மண்ணை நிறுத்தியிருக்காது. பேக்கர் சுவரும் நிறுத்தியிருக்காது. ஆனால் இங்கே குடியிருப்பு வைக்கலாமா என்று நிலத்தைக் கேட்பதுதான் கட்டடக் கலையின் தொடக்கம். அந்தக் கேள்வி தேயிலைச் செடிக்குக் கேட்கப்பட்டது; ஆளுக்குக் கேட்கப்படவில்லை.

நிறுத்துப் பார்த்தால்

பேக்கர் ஏழைகளை மறந்தவர் அல்லர். திருவனந்தபுரத்தில் பூந்துறை மீனவருக்கும், செங்கல்சூளைக் குடிசைவாசிகளுக்கும் வீடு கட்டித் தந்தவர். செலவைக் குறைப்பது எப்படி என்று சாதாரண மனிதர் படிக்கப் படம் வரைந்து சிறுநூல்கள் வெளியிட்டவர். அவரிடம் குறை காண்பதைவிட அவரைக் கொண்டாடுகிற நம்மிடம் குறை காண்பதே முறை. அவர் பெயரை வசதி உள்ளவர்கள் வாங்கி வாசலில் மாட்டிக்கொண்டார்கள். அவர் கணக்கு யாருக்குத் தேவையோ அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அவர் சில ஆண்டுகள் வாழ்ந்த மலையின் அடுத்த சரிவிலேயே தார்ப்பாய்தான் கூரை. கேரளத்தின் கட்டடக் கலையைப் பற்றி எழுதப்படும் புத்தகத்தில் லயத்துக்கும் ஓர் அத்தியாயம் இருந்தால்தான் அது முழுப் புத்தகம்.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு இரண்டு விண்ணப்பம். ஒன்று, வீடு கட்டப் போகிறவர்கள் பேக்கர் கட்டடங்களைப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். படம் எடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். காற்று எந்தப் பக்கம் வருகிறது, நம் ஊரில் எந்தப் பக்கம் வரும் என்று கேளுங்கள். நிறத்தை விட்டுவிட்டுக் கணக்கைக் கொண்டுவாருங்கள். மிச்சமாவதைக் கொத்தனாருக்குக் கொடுங்கள். என் கடைக்கு வருகிற வியாபாரம் குறைந்தால் குறையட்டும்.

இரண்டு, வாகமணுக்கோ மூணாறுக்கோ சுற்றுலா போகும்போது வண்டியை ஒரு லயத்து முன் நிறுத்துங்கள். நம் பேச்சு பேசுகிற மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஐந்து சென்ட் நிலமும் பட்டாவும் வேண்டும் என்று கேட்க நம் சங்கங்களுக்கு வாய் உண்டு, வக்கீல்கள் உண்டு, அதிகாரிகளைத் தெரிந்தவர்கள் உண்டு. நிலம் கைக்கு வந்தால் அந்த அம்மாவே கல் வாங்கி வைப்பார். சிக்கனமாகக் கட்டுவதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.